பதினேழாம் நம்பர் பெட்டி

என் பிள்ளைக்கு,

இதை நீ பிரிக்கும்போது உன் ரயில் நம் பட்டாபிராமைத் தாண்டிப் போயிருக்கும். சென்ட்ரலில் ஏறுகிற உன்னை நம் வீட்டு வழியாகவே கொண்டுபோகிற ரயில் அது, ஆனால் இங்கே நிற்காது. அப்பா சென்ட்ரல் வரை வந்து சாமான்களை ஏற்றிவிடட்டும், அம்மா, நீ வரவேண்டாம், வந்தால் அழுவாய் என்று சொல்லிவிட்டாய். சரி. நான் நம் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் நிற்பேன். நீ என்னைப் பார்த்தாயோ இல்லையோ, நான் ஏதாவது ஒரு ஜன்னலில் ஒரு சாம்பல் நிறச் சட்டையைப் பார்த்து அது நீதான் என்று முடிவு செய்திருப்பேன். ரேணிகுண்டா தாண்டினால் உனக்குப் பசிக்கும். நீலப் பெட்டியைத் திறப்பாய். டிபன் பாக்ஸுக்கு மேலே, நனையாமல் இருக்க பாலிதீன் பையில் போட்டு இதைச் செருகி வைக்கப்போகிறேன். முதலில் சாப்பிடு, பிறகு படி. நீ படித்துவிட்டுத்தான் சாப்பிடுவாய் என்று தெரியும், ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.

இந்தப் பெட்டியைக் கொடுத்தபோது நீ முகத்தைச் சுளித்தாய். "இன்னாமா இது, மீன் விக்கிறவன் பொட்டி மாதிரி கீது, இத்த தூக்கிகினு நான் புனே போவணுமா" என்று கேட்டாய். அதைப் புது சூட்கேஸ் பக்கத்தில் வைக்கவே உனக்குக் கூச்சமாக இருந்தது. நான் பதில் சொல்லாமல் துணி மடிக்கப் போய்விட்டேன். வாயால் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் எழுந்து போய்விடுவேன் என்பதுதான் காரணம். உன் அம்மா ஓர் இடத்தில் உட்காராதவள் என்று வீட்டில் எல்லோரும் கிண்டல் செய்கிறீர்கள். சர்ச்சில் பிரசங்கம் முடிவதற்குள் மூன்று முறை செருப்பைப் பார்க்க வெளியே போகிறவள் என்று உன் அப்பா சொல்வார். உண்மைதான். இந்தப் பத்தியை எழுதுவதற்குள்ளேயே ஒரு முறை கேட் தாழ்ப்பாளைப் பார்த்துவிட்டு வந்தேன், ஒரு முறை அடுப்பை. அடுப்பில் ஒன்றும் இல்லை. நான் முன்பு இப்படி இருந்ததில்லை, எப்போதிலிருந்து இப்படி ஆனேன் என்பதும் எனக்குத் தெரியும். அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு உன் புது வேலையைப் பற்றி அப்பாவிடம் விளக்கிக்கொண்டிருந்தாய். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளை வைக்கிற சூட்டுப்பெட்டி செய்கிற கம்பெனி. உள்ளே எவ்வளவு சூடு, எங்கே அளப்பது, எப்போது மணி அடிக்கும் என்று எல்லாம் சொன்னாய். எனக்கு உள்ளூர ஒரே சந்தோஷம், அம்மா குளிர்ப்பெட்டி செய்தாள், பிள்ளை சூட்டுப்பெட்டி செய்யப் போகிறான் என்று. அப்பா சும்மா இருக்கமாட்டாமல், ஒருவேளை உள்ளே சூடு அதிகமாகிவிட்டால் குழந்தை எப்படிச் சொல்லும் என்று கேட்டார். அதற்கு நீ சொன்னது இது: "டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆயிடுச்சிப்பா. மேல கையெழுத்தும் போட்டுட்டாங்க. அப்புறம் நமக்கு இன்னா?" அப்பா சிரித்தார். நான் எழுந்து போய், காயாத துணியை எல்லாம் கொடியிலிருந்து எடுத்து வந்து கட்டிலில் குவித்தேன். ஏன் ஈரத் துணியை எடுத்தாய் என்று நீ கேட்டாய். நீ சொன்ன அதே வார்த்தையை, அதே தோரணையில், ஒரு காலத்தில் நான் சொல்லியிருக்கிறேன். அதனால்தான் எடுத்தேன்.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்த்தது உனக்குத் தெரியும், என்ன வேலை என்பது அவ்வளவாகத் தெரியாது. ஐஸ்கிரீம் வண்டிக்காரர்கள் வைத்துத் தள்ளுகிற பெட்டி, மீன் அனுப்புகிற பெட்டி இவற்றைச் செய்கிற சின்ன பட்டறை அது. பத்துப் பன்னிரண்டு பேர். நான் ட்ரேசர். யாரோ வரைந்த படத்தின் மேல் மெல்லிய தாளைப் போட்டு, மையால் அதே கோட்டை இழுக்கிற வேலை. படத்தின் மூலையில் சின்னச் சின்னக் கட்டங்கள் இருக்கும், டிசைன் செய்தவர், வரைந்தவர், சரிபார்த்தவர் என்று. என் இனிஷியல் எப்போதும் வரைந்தவர் கட்டத்தில்தான் இருக்கும். முதலாளி படிக்காதவர், ஆனால் பெட்டியைத் தட்டிப் பார்த்தே எத்தனை நாள் ஐஸ் தாங்கும் என்று சொல்லிவிடுவார். எண்பதுகளின் நடுவில், தடுப்பூசி மருந்தை மலைக்கிராமங்களுக்குத் தோளில் மாட்டி எடுத்துப் போக ஒரு பெட்டி வேண்டும் என்று ஆர்டர் வந்தது. சரியான டிசைன் ஆள் வேலையை விட்டுப் போயிருந்த சமயம். முதலாளி என் மேஜைக்கு வந்து, "நீயே போடும்மா, உனுக்குத்தான் எல்லாம் தெரியுமே" என்றார். அன்றைக்கு பஸ் பிடிக்காமல் ரயில்வே ஸ்டேஷன் வரை நடந்தே போனேன். அவ்வளவு சந்தோஷம். டிசைன் செய்தவர் என்ற கட்டத்தில் என் எழுத்து வரப்போகிறது.

ஆறு மாதம் அந்தப் பெட்டியோடுதான் வாழ்ந்தேன். பெட்டியின் இரட்டைச் சுவருக்கு நடுவே இரண்டு ரசாயனங்களைக் கலந்து ஊற்றினால் இட்லி மாவு பொங்குகிற மாதிரி நுரை பொங்கி இறுகும். அது சந்து பொந்து இல்லாமல் நிறைய வேண்டும். மூடி அழுத்தமாக உட்கார வேண்டும். நடந்து போகிற நர்ஸுக்குத் தோளில் கனக்கக் கூடாது. உள்ளே நான்கு பக்கமும் ஐஸ் பேக், அதாவது தண்ணீர் நிரப்பி உறையவைத்த தட்டையான பிளாஸ்டிக் டப்பா. நடுவில் மருந்து பாட்டில்கள். வெளியே எவ்வளவு வெயில் அடித்தாலும் உள்ளே எட்டு டிகிரிக்கு மேல் போகக் கூடாது என்பது நிபந்தனை. நான் மூடியிலிருந்து ஒரு தெர்மாமீட்டரைப் பெட்டியின் நட்டநடுவில் தொங்கவிட்டு, பட்டறை வாசலில் தார் ரோட்டின் ஓரம் சித்திரை வெயிலில் பெட்டியை வைத்தேன். இரண்டு நாள் கழித்துத் திறந்தால் ஐஸ் அப்படியே இருந்தது, நடுவில் தெர்மாமீட்டர் நாலு டிகிரிதான் காட்டியது. காலி ஊசி பாட்டில்களில் தண்ணீர் ஊற்றி உள்ளே போட்டிருந்தேன். ஐஸ் பேக்கை ஒட்டி இருந்த பாட்டில்களில் தண்ணீர் கல்லாக உறைந்திருந்தது. அதைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினேன். ஐஸ்கிரீம் பெட்டி செய்கிறவர்கள் நாங்கள், எங்களுக்கு உறைந்தால் ஜெயித்த மாதிரி. முதலாளி பாதுஷா வாங்கி வரச் சொன்னார். எட்டுக்கு மேல் போகக் கூடாது என்று மட்டும் தாளில் இருந்தது. எவ்வளவுக்குக் கீழே போகக் கூடாது என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. டெஸ்ட் பாஸ், நமக்கு என்ன?

முதல் தவணையாக இருபத்துநான்கு பெட்டிகள் போயின. ஒவ்வொன்றின் அடியிலும் பழுக்கக் காய்ச்சிய ஆணியால் நானே நம்பர் போட்டேன். பிள்ளைகளின் சிலேட்டில் பேர் எழுதுகிற மாதிரி, அவ்வளவு ஆசையாக. வேலூருக்கு அப்பால் ஒரு மலையடிவார ஆஸ்பத்திரிக்கு லாரி ஏற்றி அனுப்பினோம். மாதிரிக்காகச் செய்த பெட்டி ஒன்று மிச்சம் இருந்தது. அதை நம் தெருக்கோடி நர்ஸிடம் கொடுத்தேன். உனக்குத் தெரியும், சர்ச்சில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் பாடுவாளே, அவள்தான். பூந்தமல்லிப் பக்கம் சுகாதார நிலையத்தில் வேலை. இதை ஒரு மாதம் தூக்கிப் பார், வாரும் கொக்கியும் எப்படி இருக்கிறது என்று சொல் என்றேன். அவள் வாரம் ஒரு புகார் சொன்னாள். வார் தோளை அறுக்கிறது, கொக்கி விரலைக் கடிக்கிறது, தண்ணீர் ஒழுகிப் புடவை நனைந்து எல்லோரும் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். நான் எல்லாவற்றையும் நோட்டில் குறித்துக்கொண்டு, இவளுக்கு எப்போதும் குறைதான் என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து அவள் நேராக நம் வீட்டுக்கு வந்தாள். கைப்பையிலிருந்து இரண்டு சின்ன பாட்டில்களை எடுத்தாள். குழந்தைகளுக்குப் போடுகிற முத்தடுப்பு ஊசி மருந்து. ஒன்று சுகாதார நிலைய ஃபிரிட்ஜில் இருந்தது, இன்னொன்று என் பெட்டியில் ஐஸ் பேக்கை ஒட்டிக் கிடந்து, உறைந்து, பிறகு உருகியது. பார்க்க இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன, கலங்கலாக, நீர்மோர் மாதிரி. இரண்டையும் ஒன்றாகப் பிடித்து நன்றாக ஆட்டி, நம் சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டு, "பாத்துகினே இரு அக்கா, எழுந்து போவாத" என்றாள். நீ அப்போது வாசலில் சைக்கிள் டயர் உருட்டிக்கொண்டிருந்தாய். கொஞ்ச நேரத்தில் என் பெட்டியில் இருந்த பாட்டிலில் வெள்ளைத் திப்பி திப்பியாக அடியில் இறங்க ஆரம்பித்தது. மேலே தெளிந்த தண்ணீர். மற்றது கலங்கலாகவே நின்றது. அவள் அந்தத் தெளிந்ததை எடுத்து வெளிச்சத்தில் காட்டினாள். "உன் பொட்டி நல்லாத்தான் வேல செஞ்சிகீது. ரொம்ப நல்லா செஞ்சிகீது, அதான் தப்பு. இது இனிமே மருந்து இல்லக்கா. போட்டா ஒண்ணும் ஆவாது, காப்பாத்தவும் காப்பாத்தாது. குத்துற எனுக்கும் தெரியாது, குத்திக்கிற கொயந்தைக்கும் தெரியாது." போலியோ சொட்டு மருந்து உறைந்தாலும் பாழாகாது, ஆனால் இந்த ஊசியும் டெட்டனஸ் ஊசியும் உறைந்தால் செத்துவிடும் என்று அவள்தான் விளக்கினாள். ஐஸ் பேக்கை ஃபிரீசரிலிருந்து எடுத்ததும் வைக்கக் கூடாதாம். வெளியே வைத்து வியர்க்க விட்டு, காதோரம் ஆட்டிப் பார்த்து, உள்ளே தண்ணீர் சலசலத்த பிறகுதான் வைக்க வேண்டுமாம். இவ்வளவு சின்ன விஷயம். என் பெட்டியின் மேல் அதை யாரும் எழுதவில்லை, நான் எழுதியிருக்க வேண்டும்.

மறுநாள் முதலாளியிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. "சூடாயி கெட்டுச்சின்னா ஒத்துக்கலாம். ஜில்லுனு இருந்து கெட்டுப்போச்சின்னு ஊர்ல எவனாச்சும் சொல்வானா?" என்றார். பிறகு நான் பாட்டிலைக் காட்டியதும் வாங்கித் தானே ஆட்டிப் பார்த்தார். கெட்டவர் இல்லை அவர். அடுத்த தவணையில் சரிசெய்துவிடு, போனது போகட்டும், அவர்களே கேட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்றார். நான் ஐஸ் பேக்குக்கும் மருந்துக்கும் நடுவே நிற்கிற மாதிரி ஓர் அட்டை உறை வரைந்தேன். அது அரை நாள் வேலை. அதோடு வாயை மூடிக்கொண்டேன். இதை நீ சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். முதலாளி என்னைத் தடுக்கவில்லை, வேலை போய்விடும் என்று மிரட்டவில்லை. நான்தான் பேசவில்லை. டிசைன் செய்தவர் என்ற கட்டத்தில் என் எழுத்து விழுந்த முதல் படம் அது. அது தப்பு என்று ஓர் ஆஸ்பத்திரிக்குக் கடிதம் போட்டால், பொம்பளையிடம் கொடுத்தால் இப்படித்தான் என்பார்கள் என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். இருபத்திரண்டு நாள். அந்த இருபத்திரண்டு நாளும் தினம் ரயிலில் போனேன், கோடு போட்டேன், உனக்குத் தலை வாரிவிட்டேன். மலையில் அந்தப் பெட்டிகளை யாரோ தோளில் மாட்டிக்கொண்டு நடந்துகொண்டிருந்தார்கள்.

இருபத்திரண்டாம் நாள் நடந்தது உனக்கே நினைவிருக்கும், ஆனால் நீ அதை வேறு மாதிரி சொல்வாய். தண்டவாளத்துப் பக்கம் விளையாடப் போய்த் துரு ஆணியை மிதித்துவிட்டு வந்தாய். ரத்தத்தைவிட நான் அடிப்பேன் என்ற பயத்தில்தான் அழுதாய். உன்னைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷன் ரோடு டாக்டரிடம் ஓடினேன். அவர் டெட்டனஸ் ஊசி போட பாட்டிலை எடுத்தார். நான் அவர் கையிலிருந்து அதைப் பிடுங்கினேன். ஆட்டினேன். அவர் மேஜையில் வைத்துவிட்டு, கொஞ்சம் பொறுங்கள், இது அடியில் இறங்குகிறதா பார்க்க வேண்டும் என்றேன். வெளியே ஆட்கள் காத்திருக்க, டாக்டர் என்னைப் பைத்தியத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். நான் நகரவில்லை. அரை மணி நேரம் உட்கார்ந்து பாட்டிலையே பார்த்தேன், என் ஆயுளில் அவ்வளவு நேரம் அசையாமல் உட்கார்ந்தது அதுதான் கடைசி. மருந்து கலங்கலாகவே நின்றது. நல்ல மருந்து. அதன் பிறகுதான் ஊசி போட விட்டேன். வீட்டுக்கு வரும் வழியில் நீ, "ஏம்மா டாக்டராண்ட சண்ட போட்ட, எனுக்கு வெக்கமா பூட்ச்சி" என்றாய். என் பிள்ளை என்றதும் பாட்டிலைப் பிடுங்கி ஆட்டத் தெரிந்தது. மலையில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஒருத்திக்கு ஆட்ட வேண்டும் என்றே தெரியாது. தெரிந்த நான் வாயைத் திறக்கவில்லை.

இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு மலைக்குப் போனேன். இந்தப் பயணத்தைத்தான் உன் அப்பா எல்லா விருந்திலும் பெருமையாகச் சொல்வார், கட்டிக்கொடுத்த பெண்ணைப் பார்க்கப் போகிற மாதிரி தன் பெட்டியைப் பார்க்க மலை ஏறினவள் என்று. எல்லோரும் சிரிப்பார்கள், நான் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றுகிற சாக்கில் உள்ளே போய்விடுவேன். அந்தக் கதையில் இருக்கிற வரை எல்லாம் உண்மை. அட்டை உறைகளைக் கட்டாகக் கட்டி எடுத்துப் போனேன். ஐஸ் பேக்கை ஆட்டிப் பார்த்து வைக்கவும் என்று பெரிய எழுத்தில் எழுதிய தாள்களையும் எடுத்துப் போனேன். அந்த ஆஸ்பத்திரியில் ஒரு வயதான டாக்டர், மிகவும் மரியாதையானவர். டீ வரவழைத்துக் கொடுத்தார். ஊர் ஊராகப் போயிருந்த பெட்டிகளை எனக்காக வரவழைத்தார். இருபத்துமூன்று பெட்டிகளுக்கு நானே உறை மாட்டி, மூடிக்கு உள்பக்கம் தாளை ஒட்டினேன். பதினேழாம் நம்பர் பெட்டி மட்டும் வரவில்லை. அதை எடுத்துப் போன நர்ஸ் மாற்றலாகிப் போய்விட்டாள், பெட்டி எந்த ஊரில் நிற்கிறது என்று தெரியவில்லை, கிடைத்தால் மாட்டிவிடுகிறோம் என்றார்கள்.

அப்பாவின் கதையில் இல்லாதது இனிமேல் வருகிறது. நான் உறை மாட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர், "இது இன்னாத்துக்கும்மா, புதுசா?" என்று கேட்டார். உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுக் கேட்டார். இந்தப் பெட்டியில் மருந்து உறைந்துபோகிறது, இதுவரை இதிலிருந்து போட்ட ஊசிகளை மறுபடியும் போடுங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அந்த ஒரு வாக்கியத்தை பஸ்ஸில் வழி முழுக்க மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேதான் போனேன். வாயில் வந்தது வேறு. "கூடுதல் வசதி சார், எங்க பட்டறை சார்பா இலவசமா தர்றோம்" என்றேன். அவர் எழுந்து நின்று நன்றி சொன்னார். எனக்கு ஒரு சால்வை போர்த்தினார்கள். அந்தச் சால்வை பரணில் இருக்கிறது, நீ ஒரு முறை அதைக் கட்டிக்கொண்டு ராஜா வேஷம் போட்டாய், நான் காரணம் சொல்லாமல் அடித்தேன். அது உனக்கு மறந்திருக்கலாம், எனக்கு மறக்கவில்லை. அன்றைக்கு அடி வாங்க வேண்டியது நீ இல்லை. அதற்கு இப்போது மன்னிப்புக் கேட்கிறேன்.

அந்தக் குழந்தைகளுக்கு என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. ஏதோ ஆயிற்று என்று யாரும் சொல்லவில்லை, ஒன்றும் ஆகவில்லை என்றும் யாரும் சொல்லவில்லை. தெரியாமல் இருப்பதுதான் என்னை உட்காரவிடாமல் செய்கிறது. அன்றிலிருந்து நீல நிறத்தில் எந்த ஐஸ் பெட்டியைப் பார்த்தாலும் அதன் அடியைப் பார்க்காமல் என்னால் போக முடியாது. சோடாக் கடை, பூக்கடை, பஸ் ஸ்டாண்டில் மோர் விற்கிறவர்கள், திருவிழாவில் ஐஸ் விற்கிறவர்கள், எல்லோரிடமும் திட்டு வாங்கியிருக்கிறேன். ஒரு முறை ஆவடி மார்க்கெட்டில் நான் மீன்காரம்மாவின் பெட்டியைச் சாய்த்துப் பார்த்ததற்கு நீ என் கையை உதறிவிட்டு எதிர்ப்பக்கம் போய் நின்றாய், யாரோ தெரியாதவன் மாதிரி. உன் கூட்டாளிகள் வேறு பார்த்துவிட்டார்கள். அம்மாவுக்கு ஏதோ பழக்கம் என்று நீ நினைத்திருப்பாய். நான் தேடிக்கொண்டிருந்தேன்.

போன மாதம் கிடைத்துவிட்டது. கரையான்சாவடியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது, ரோட்டோரம் தண்ணீர் பாக்கெட் விற்கிற கடையில் சாயம் போன ஒரு நீலப் பெட்டி. பாக்கெட்டையெல்லாம் ஸ்டூலில் எடுத்து வைத்துவிட்டுக் கவிழ்த்தேன். கடைக்காரர், "யம்மா, இன்னா பண்ற நீ, போலீஸா?" என்று கத்தினார். அடியில் என் கையால் சுட்ட எழுத்து, பதினேழு. காயலான் கடையில் வாங்கினேன், எங்கிருந்து வந்தது என்று யாருக்குத் தெரியும் என்றார். அவருக்குப் புதுப்பெட்டி ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டு அதை எடுத்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்து துடைத்துப் பார்த்தால், உள்ளே உறை இல்லை, என் தாளும் இல்லை. மூடியின் உள்பக்கம் காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரி ஒரு துண்டு இருந்தது, அதில் பேனாவால் 'புதன்' என்று எழுதியிருந்தது. புதன்கிழமைதான் ஊசி போடுகிற நாள். நன்றாக உழைத்திருக்கிறது என் பெட்டி. அந்த எழுத்தைப் பார்த்துக்கொண்டு அடுக்களைத் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன். நீ அப்போது இன்டர்வியூ விஷயமாக வெளியே போயிருந்தாய்.

தெருக்கோடி நர்ஸிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். மலையில் நான் உண்மையைச் சொல்லாமல் வந்த பாதி அவளுக்கும் தெரியாது. "இன்னும் டைம் கீதுக்கா. அந்தப் பசங்க இப்ப ஸ்கூல்ல கீதுங்க. ஸ்கூல்லயே ஊசி போடுவாங்க. லெட்டரு போடு, இனிமேலாச்சும் போடு" என்றாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்த ஒரு வாக்கியத்தை, எந்த மாதங்கள், எத்தனை பெட்டிகள் என்ற விவரத்தோடு, என் பெயரும் விலாசமும் போட்டு அந்த மலையடிவார ஆஸ்பத்திரிக்கு எழுதினேன். எழுதி ஒரு வாரம் பீரோவில் வைத்திருந்தேன். ஆமாம், மறுபடியும் ஒரு வாரம். ஞாயிற்றுக்கிழமை நீ "நமக்கு இன்னா" என்றாய். திங்கட்கிழமை ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினேன். இதைப் படிக்கிற நேரம் அது அங்கே போய்ச் சேர்ந்திருக்கும். என்ன வரும் என்று தெரியாது. அப்பா சென்ட்ரலிலிருந்து திரும்பி வந்ததும் அவருக்கும் சொல்லப்போகிறேன். இனிமேல் விருந்தில் அந்தக் கதை வராது, பாவம், அவருக்குச் சொல்ல வேறு கதையும் இல்லை.

உனக்குப் புத்தி சொல்லும் யோக்கியதை எனக்கு இருக்கிறதா என்று யோசித்துக்கொண்டே கொஞ்சம் சொல்கிறேன். உன் சூட்டுப்பெட்டியில் சூட்டை அளக்கும்போது நட்டநடுவில் அளந்துவிட்டு வராதே. குழந்தையின் பாதம் எங்கே படும், தலை எங்கே இடிக்கும், அங்கே அளந்து பார். தாளில் ஒரு பக்கத்து எல்லை மட்டும் இருந்தால் இன்னொரு பக்கத்து எல்லை என்ன என்று கேள், கேட்பதால் உன்னை முட்டாள் என்பார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும். வாரும் கொக்கியும் சரியில்லை என்று குறை சொல்லிக்கொண்டே இருக்கிற நர்ஸ் யாராவது இருந்தால் அவளுக்குப் பக்கத்தில் உட்கார். இதெல்லாம் செய்தும் தப்பு வரும், வரத்தான் செய்யும், அதற்காக நான் உன்மேல் கோபப்படமாட்டேன். ஆனால் வந்த அன்றைக்கே அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிடு. யாராவது எழுந்து நின்று உனக்கு நன்றி சொல்வதற்கு முன்னால் சொல்லிவிடு. அதற்குப் பிறகு சொல்வது மிகவும் கஷ்டம்.

அப்பா ஆட்டோ கூட்டிவரப் போய்விட்டார். நீ சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறாய், நான் என்ன எழுதுகிறேன் என்று எட்டி எட்டிப் பார்க்கிறாய். இந்தப் பெட்டியை வழியில் எறிந்துவிடாதே. உன் மேஜைக்கு அடியில் வை, யாராவது என்ன என்று கேட்டால், எங்கம்மா செய்தது, தப்பாகச் செய்தது என்று சொல். வெட்கப்படாதே, நான் பட்டாயிற்று. கீழ் டப்பாவில் புளிசாதம், மேல் டப்பாவில் தயிர்சாதம், மாங்காய் ஊறுகாய் தனியாக இருக்கிறது. தயிர் புளிக்காமல் இருக்க ஐஸ் பேக் ஒன்று வைக்கிறேன். விடிந்ததும் ஃபிரீசரிலிருந்து எடுத்து சமையல் மேடையில் வைத்தேன், நன்றாக வியர்த்துவிட்டது. இப்போதுதான் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தேன். உள்ளே தண்ணீர்ச் சத்தம் கேட்கிறது.

அம்மா